எபிசோட் 41: சுவருக்குள்ள ஒரு எவர்சில்வர் பைப்

(பேசினதைக் கொஞ்சம் சீர்படுத்தி எழுத்தாக்கியது. "ம்ம்"களையும் பாதி "அப்புறம்"களையும் வெட்டியாச்சு.)

இந்த வாரம் பைப்லைன் பத்திப் பேசப் போறோம். நாம ஆபீஸ்ல தினமும் உடைக்கிற பைப்லைன் இல்லை. நிஜ பைப்லைன். குளியலறைச் சுவருக்குள்ள டைல்ஸுக்குப் பின்னாடி ஓடுதே, அந்தத் தண்ணிக் குழாய்.

ஏன் திடீர்னு இதுன்னு கேட்டா, எங்க அப்பார்ட்மெண்ட் கட்டி 26 வருஷம் ஆகுது. பதினாறு வீடு. மொட்டை மாடி டேங்க்ல இருந்து கீழ இறங்குற ஜிஐ லைன் மொத்தத்தையும் மாத்தியே ஆகணும்னு அசோசியேஷன்ல முடிவாயிடுச்சு. எதைப் போடறதுங்கிறதுலதான் ரெண்டு மாசமா சண்டை. ஒரு அணி சிபிவிசி, இன்னொரு அணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நடுவுல "தம்பி இன்ஜினியர்தானே, நீயே பார்த்துச் சொல்லுப்பா"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆன்ட்டின்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல. அதனால ரெண்டு மாசம் படிச்சதை, பிளம்பர்களை நச்சரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் இங்க கொட்டுறேன்.

முதல்ல பழைய பைப் ஏன் செத்துச்சுன்னு பார்ப்போம். ஜிஐங்கிறது இரும்புக் குழாய் மேல துத்தநாகம் பூசினது. துத்தநாகம் தன்னைக் கரைச்சுக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும். தியாகி மாதிரி. ஆனா அது ஒருநாள் தீர்ந்து போகும். அப்புறம் துரு, அதுவும் உள்பக்கமா. இரும்பை விடத் துரு அதிக இடம் பிடிக்கும், அதனால பைப்புக்குள்ள கட்டி கட்டியா வளர்ந்து வழியை அடைக்கும். 25 மிமீ உள்விட்டம் 18 மிமீ ஆயிடுச்சுன்னு வைங்க. கால் பங்கு சுருங்கினதுக்கா இவ்வளவு கவலைன்னு தோணும். ஆனா அதே அழுத்தத்துல ஓடுற தண்ணியோட அளவு விட்டத்தோட ஏறக்குறைய இரண்டரை அடுக்குல மாறும். கணக்குப் போட்டா பழைய ஓட்டத்துல 44 சதவீதம்தான் மிச்சம். பாதிக்கும் கீழ! இதுல முதல் அடி மேல் மாடிக்கு, ஏன்னா டேங்குக்குப் பக்கத்துல இருக்கிற வீட்டுக்குத்தான் அழுத்தமே கம்மி. எங்க மூணாவது மாடியில 70 வயசு தாண்டின ஒரு பாட்டி தனியா இருக்காங்க. காலையில ஷவர் திறந்தா நூல் மாதிரி வருது. அவங்க வாளியில பிடிச்சு வெச்சுத் தூக்கிக்கிட்டுப் போறாங்க.

அடைப்பாவது வெளியில தெரியும். கசிவுதான் மோசம். நம்ம தொழில்ல "சைலன்ட் ஃபெயிலியர்"னு ஒண்ணு சொல்வோம்ல, சிஸ்டம் செத்திருக்கும், அலர்ட் வராது. சுவருக்குள்ள கசியுற பைப் அதேதான். நொடிக்கு ஒரு சொட்டுன்னு வைங்க. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு, ஒரு நாளைக்கு 86,400 நொடி. நாலு லிட்டருக்கு மேல வருது. மாசத்துக்கு 130 லிட்டர் தண்ணியை சுவர் குடிக்குது. நமக்குத் தெரியறப்போ கீழ் வீட்டு சீலிங்ல ஓதம் ஏறி, பெயிண்ட் உப்பி, "உங்க வீட்டுத் தண்ணி", "இல்ல, காமன் லைன்"னு வாட்ஸ்அப் குரூப் ரெண்டா உடைஞ்சிருக்கும்.

ஆக, சுவருக்குள்ள போற பைப்பைத் தேர்ந்தெடுக்கிறப்போ விலைக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி, இது எத்தனை வருஷம் யாரும் தொடாம இருக்கும்ங்கிறது.

இப்போ எவர்சில்வர். நம்ம பாட்டிங்க காலத்துல இருந்து இந்தப் பேர்லதான் கூப்பிடறோம், ஆனா அதுல வெள்ளி ஒரு பொட்டு கூடக் கிடையாது. இரும்போட குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தா அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குரோமியம் ஆக்சிஜனோட சேர்ந்து மேல ஒரு படலம் போடும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஒரு தலைமுடியோட குறுக்களவுல பத்தாயிரத்துல ஒரு பங்கு கூட வராது. ஆனா அந்தப் படலம்தான் மொத்த விஷயமும். பெயிண்ட் மாதிரியோ துத்தநாகப் பூச்சு மாதிரியோ இல்ல இது. கீறினா திரும்ப வளரும். தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனே போதும். கிராஷ் ஆனா தானே ரீஸ்டார்ட் ஆகிற சர்வீஸ் மாதிரின்னு வைங்க.

இதுல இருந்து ஒரு பலன் நேரா வருது. துரு தின்னும்னு பயந்து பைப்பைத் தடியா செய்ய வேண்டியதில்லை. 22 மிமீ வெளிவிட்டம் உள்ள எஸ்எஸ் பைப்போட சுவர் 1.2 மிமீதான். உள்ள 19.6 மிமீ வழி கிடைக்குது. முக்கால் இஞ்ச் சிபிவிசியும் வெளிய கிட்டத்தட்ட அதே 22 மிமீ. ஆனா எஸ்டிஆர் 11 ரகத்துல சுவர் 2 மிமீ, உள்வழி 18 மிமீ சொச்சம். ஒரே இடத்துல கூடுதல் தண்ணி போகும். முக்கியமா, அந்த 19.6 பல வருஷம் கழிச்சும் 19.6-ஐ ஒட்டியே இருக்கும். வெந்நீர் லைன்ல உப்புப் படிவு கொஞ்சம் படியலாம், அது தண்ணியோட கடினத்தன்மையைப் பொறுத்தது. ஆனா பைப்பே தன்னைத் தின்னு உள்ள வீங்காது.

ரெண்டாவது பலன் சூடு. எங்க பில்டிங்ல மொட்டை மாடியில சோலார் ஹீட்டர் இருக்கு. சிபிவிசியை 82 டிகிரி வரைக்கும்னு ரேட் பண்ணுறாங்க, அதுவும் குறைஞ்ச அழுத்தத்துல. மே மாசம் ஊரே லீவுக்குப் போய் யாரும் வெந்நீர் எடுக்காத வாரத்துல சோலார் தண்ணி அதைத் தாண்டிடலாம். அதை விடப் பெரிய விஷயம், விரிஞ்சு சுருங்கறது. 10 மீட்டர் வெந்நீர் லைன் 40 டிகிரி ஏறினா சிபிவிசி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளும். எஸ்எஸ் 7 மிமீ. தினமும் காலையில நீண்டு, மதியம் சுருங்கி, மறுபடி நீண்டு... இந்த ஆட்டம் எல்லாம் கடைசியில போய் உட்கார்ற இடம் ஜாயிண்ட்.

அப்புறம், ஷாஃப்ட்ல ஓடுற எலி. பிளாஸ்டிக் பைப்பைக் கடிக்கும், எஸ்எஸ்ஸைக் கடிச்சா எலிக்குத்தான் பல் போகும். இதை எங்க பிளம்பர் அண்ணன் சொன்னப்போ, மீட்டிங்ல என் எக்செல் ஷீட்டை விட அதுக்குத்தான் கைதட்டல்.

ஜாயிண்டுக்கு வருவோம். பைப் நடுவுல உடைஞ்சு கசியறது அபூர்வம். எல்போ, டீ, சாக்கெட், இங்கதான் கசியும். சிபிவிசியில சொல்யூஷன் தடவி ஒட்டறாங்க. நல்லா ஒட்டினா நல்லாவே நிக்கும். ஆனா ஈரம், அவசரம், பழைய சொல்யூஷன், எது இருந்தாலும் வெளிய பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எஸ்எஸ்ல இப்போ பிரஸ் ஃபிட்டிங் வந்திருக்கு. ஃபிட்டிங்குக்குள்ள ஈபிடிஎம் ரப்பர் வளையம் இருக்கும். பைப்பைச் சொருகி, ஒரு மெஷின் வாயால கவ்வி அழுத்தினா சில நொடியில முடிஞ்சுது. வெல்டிங் கிடையாது, தீ கிடையாது, காயற நேரம் கிடையாது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. பல பிராண்டுகள்ல அந்த வளையத்தையே, அழுத்த மறந்த ஜாயிண்ட் டெஸ்ட்ல கண்டிப்பா ஒழுகற மாதிரி டிசைன் பண்ணியிருக்காங்க. தப்பை மறைக்காம கத்திச் சொல்ற டிசைன். சைலன்ட் ஃபெயிலியரை சத்தமா ஆக்கறது. இதை யோசிச்சவருக்கு நான் ஒரு ஃபில்டர் காபி வாங்கித் தரத் தயார்.

எஸ்எஸ் பைப்புல மரை வெட்டி டெஃப்லான் டேப் சுத்தறதை மட்டும் முடிஞ்ச வரை தவிர்க்கணும். மரை வெட்டினா சுவர் மெலியும். இறுக்கறப்போ எஸ்எஸ்ஸும் எஸ்எஸ்ஸும் பிடிச்சுக்கிட்டு இறுகிப் போகும். மரை இடுக்குல தேங்கற தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்து, அந்தப் படலம் திரும்ப வளர முடியாம அரிப்பு ஆரம்பிக்கும்.

இதெல்லாம் பிரோஷர்ல வர்ற கதைதானே, எங்கயாவது ஊர் அளவுல செஞ்சு பார்த்திருக்காங்களான்னு எங்க செக்ரட்டரி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் டோக்கியோ. அங்க தெரு மெயின்ல இருந்து வீட்டு மீட்டர் வரைக்கும் வர்ற சின்னக் குழாய்கள் ரொம்ப காலம் ஈயத்துல இருந்தது. (பிளம்பர்ங்கிற வார்த்தையே ஈயத்துக்கான லத்தீன் சொல்லான 'பிளம்பம்'ல இருந்து வந்ததுதான்.) ஊரோட கசிவுல பெரும்பங்கு இந்தச் சின்னக் குழாய்கள்லதான்னு கண்டுபிடிச்சு, 1980-களோட தொடக்கத்துல இருந்து அதையெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்த ஆரம்பிச்சாங்க. 1998-ல அடுத்த படி. இடையிடையே மடிப்பு மடிப்பா இருக்கிற பைப். வளைக்க வேண்டிய இடத்துல கையாலயே வளைக்கலாம். எல்போவே வேண்டாம், அதாவது ஜாயிண்ட் குறையுது. 1980 வாக்குல சுமார் 15 சதவீதமா இருந்த கசிவு, 2010-கள்ல 2 சதவீதத்தை ஒட்டி வந்துடுச்சு. கசிவு கண்டுபிடிக்கிற வேலை, மெயின் லைன் மாத்தற வேலை எல்லாம் கூடவே நடந்தது, அதனால முழுப் பேரையும் பைப்புக்கே கொடுக்க முடியாது. அது தெருவுக்கும் மீட்டருக்கும் நடுவுல இருக்கிற குழாய், நம்ம பிரச்சனை கட்டடத்துக்குள்ள. ஆனா மண்ணுக்குள்ள புதைஞ்சு, பூகம்பத்துல ஆடுற இடத்துல தாங்கினது, சுவருக்குள்ள தாங்காதான்னு நான் திருப்பிக் கேட்டேன்.

சரி, இது வரைக்கும் கேட்டா எல்லாரும் நாளைக்கே எஸ்எஸ் வாங்கப் போயிடுவீங்க. கொஞ்சம் இருங்க. டோக்கியோவுக்கு இல்லாத ஒரு சிக்கல் சென்னைக்கு இருக்கு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எமன் குளோரைடு. உப்புல இருக்கிற அதே குளோரைடு. அது அந்தப் படலத்தை ஒரு புள்ளியில குத்தி ஓட்டை போடும். பைப் முழுக்க பளபளன்னு இருக்கும், ஒரே ஒரு ஊசித் துளையில தண்ணி வரும். இதைத்தான் பிட்டிங்னு சொல்றாங்க. எவ்வளவு குளோரைடு தாங்கும்ங்கிறது கிரேடைப் பொறுத்தது. 304-ங்கிறது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-ல கூடுதலா 2 சதவீதத்துக்கு மேல மாலிப்டினம் உண்டு, குளோரைடுக்கு எதிரா நிக்கிறது அதுதான். சாதாரண வெப்பத்துல இருக்கிற தண்ணிக்கு, துறையில சொல்ற பொதுவான கணக்கு: லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும் 304, அதுக்கு மேல 1,000 வரைக்கும் 316. தண்ணி சூடாக ஆக இந்த எல்லை குறையும். 60 டிகிரிக்கு மேல இழுவிசையோட சேர்ந்து வெடிப்பு விடற ஆபத்தும் உண்டு, அதனால சோலார் லைனுக்கு இன்னும் ஜாக்கிரதை.

இப்போ நம்ம குடிநீர் தரநிர்ணயம் ஐஎஸ் 10500-ஐப் பாருங்க. குளோரைடு 250 மில்லிகிராம் வரைக்கும் ஏற்கத்தக்கது, வேற வழியே இல்லைன்னா 1,000 வரைக்கும் அனுமதி. அதாவது, மனுஷன் குடிக்கலாம்னு சட்டம் சொல்ற தண்ணியே 304 பைப்புக்கு ஒத்துக்காம போகலாம்! இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு, அப்புறம் கவலைப்பட்டேன்.

கவலைக்குக் காரணம், சென்னை வீட்டுப் பைப்புல ஓடுறது ஒரே தண்ணி கிடையாது. மழைக்கு அப்புறம் மெட்ரோ வாட்டர். அது குறைஞ்சா போர்வெல். அதுவும் இறங்கினா லாரி. 2019 ஜூன்ல ஏரிகள் வறண்டு கிடந்தப்போ நம்ம சம்புல என்னென்ன தண்ணி கலந்ததுன்னு யாருக்குத் தெரியும்? பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலை ஒட்டி இருக்கிறவங்களுக்கு போர் தண்ணி உப்புக் கரிக்கிறது புதுசும் இல்லை. ஜப்பான்ல ஒரு ஊருக்கு ஒரு தண்ணி, அதுக்கு ஒரு கிரேடுன்னு முடிவு பண்ணலாம். இங்க வருஷத்தோட மோசமான மாசத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். சராசரியைப் பார்த்து சர்வர் வாங்கினா பொங்கல் டிக்கெட் புக்கிங் அன்னிக்கு என்ன ஆகும்? அதேதான்.

எங்க தண்ணியை ரெண்டு தடவை லேப்ல கொடுத்தோம். ஜனவரியில சம்பு தண்ணி 200-க்குக் கீழ இருந்தது. மே மாசம் போர் தண்ணி தாராளமா அதைத் தாண்டிடுச்சு. ஜனவரி ரிப்போர்ட்டை மட்டும் காட்டி 304 போட்டிருந்தா, பதினாறு வீட்டுச் சுவரையும் உடைச்சு, காசு கொட்டி, அஞ்சாறு வருஷத்துல ஊசித் துளை தேடிக்கிட்டு இருந்திருப்போம். இன்னொண்ணு, ஆர்ஓ சர்வீஸ்காரர் பேனா மாதிரி ஒண்ணை விட்டுக் காட்டுவாரே, அது டிடிஎஸ் மீட்டர். கரைஞ்சிருக்கிற மொத்த உப்பைத் தோராயமாச் சொல்லும், அதுல குளோரைடு எவ்வளவுன்னு சொல்லாது. லேப்ல குளோரைடுன்னு தனியாக் கேட்டு எழுதி வாங்கணும்.

"ஈசிஆர் ரோட்டுல பாருங்க, எஸ்எஸ் கைப்பிடி எல்லாம் ஆறு மாசத்துல பழுப்பாகுது, நீங்க பைப் போடச் சொல்றீங்க"ன்னு சிபிவிசி அணியில ஒருத்தர் கேட்டார். அவர் பார்த்தது உண்மை. ஆனா அதுல நிறைய 200 வரிசை ஸ்டீல். நிக்கல் விலை ஜாஸ்திங்கிறதால, அதைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்தது. பளபளப்புல வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் காந்தம் ஒட்டிக் காட்டி "பாருங்க சார் ஒட்டல, ஒரிஜினல்"னு சொல்லுவார். 304-லயும் காந்தம் ஒட்டாது, 200 வரிசையிலயும் பெரும்பாலும் ஒட்டாது. அந்தச் சோதனைக்கு இங்க அர்த்தமே இல்லை. பைப் மேல அச்சடிச்ச கிரேடும் ஹீட் நம்பரும், அதே நம்பரோட மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் ஒத்துப் போகணும். சந்தேகம்னா எக்ஸ்ஆர்எஃப் கன் வெச்சிருக்கிற ஒரு டெஸ்டிங் ஆளைக் கூப்பிட்டு ரெண்டு பைப்பைக் காட்டலாம். சில நொடியில மாலிப்டினம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

நல்ல பைப் வாங்கியும் வேலையில கெடுக்க முடியும். இரும்பு வெட்டின அதே பிளேடால எஸ்எஸ்ஸை வெட்டினா இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு அங்க துரு பிடிக்கும். பழைய ஜிஐயை நேரா எஸ்எஸ்ஸோட இணைச்சா, ரெண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி ஆகி ஜிஐ வேகமா அரிச்சுப் போகும், நடுவுல மின் தொடர்பை வெட்டற யூனியன் வேணும். பிரஷர் டெஸ்ட் பண்ணின தண்ணியை மாசக்கணக்கா உள்ளயே தேங்க விடக் கூடாது. எனக்கு அதிர்ச்சியா இருந்தது வேற ஒண்ணு: டைல்ஸ் ஒட்டி முடிச்சதும் தரையைக் கழுவ ஆசிட் ஊத்துவாங்களே, அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். குளோரைடு, அதுவும் அமில வடிவத்துல! அதோட புகை பட்டாலே எஸ்எஸ்ஸுக்கு ஆகாது. சுவருக்குள்ள போற பைப்புக்கு மேல உறையோ டேப்போ சுத்தியே ஆகணும். எங்க காண்ட்ராக்ட்ல "ஆசிட் வாஷ் கிடையாது"ன்னு ஒரு வரி சேர்த்திருக்கோம். டைல்ஸ் மேஸ்திரி என்னை விநோதமாப் பார்த்தார்.

விலை? சிபிவிசியை விட எஸ்எஸ் பைப்பும் ஃபிட்டிங்கும் சில மடங்கு. 316 இன்னும் மேல. பிரஸ் மெஷின் வெச்சிருக்கிற டீம் எல்லா ஏரியாவுலயும் இல்ல. ராத்திரி பத்து மணிக்கு ஒரு எல்போ போனா தெருமுனை ஹார்டுவேர் கடையில சிபிவிசி கிடைக்கும், எஸ்எஸ் பிரஸ் ஃபிட்டிங் கிடைக்காது. சிபிவிசி அணி சொன்னதுல இது ரெண்டும் முழு உண்மை. அதனால எல்லா இடத்துலயும் எஸ்எஸ்னு நான் சொல்லல. செடிக்குத் தண்ணி விடற லைன், கையெட்டற இடத்துல வெளிய ஓடுற லைன், இதுக்கெல்லாம் சிபிவிசி போதும். உடைஞ்சா அரை மணி நேரத்துல மாத்தலாம். ஷாஃப்ட்ல இறங்குற மெயின் லைன், சோலார் வெந்நீர் லைன், டைல்ஸுக்குப் பின்னாடி போறது, இங்கதான் எஸ்எஸ்ஸுக்குக் காசு கொடுக்கணும். ஏன்னா அங்க செலவு பைப் விலை இல்ல. சுவரை உடைக்கிற கூலி, அதே டைல்ஸ் இப்போ கடையில கிடைக்காம மொத்தச் சுவரையும் மாத்தறது, பத்து நாள் பாத்ரூம் இல்லாம இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. எங்க அசோசியேஷன் இப்போ அந்த வழியிலதான் கொட்டேஷன் கேட்டிருக்கு: இறங்குற லைன் 316, வீட்டுக்குள்ள மாத்தறது அவங்கவங்க இஷ்டம். மூணு வீடு இன்னும் கையெழுத்துப் போடல.

கடைசியா, போன எபிசோடுக்கு அப்புறம் இன்ஸ்டாவுல நிறைய பேர் கேட்டது: "ப்ரோ, நான் வாடகை வீடு, சுவரை உடைக்க முடியாது, நான் என்ன பண்றது?" வாஷ் பேசின் அடியில, கீசர்ல, வளையற ஒரு பின்னல் ஹோஸ் இருக்கும் பாருங்க, ஸ்டீல் மாதிரி மின்னும். அது வெளிய மட்டும்தான் ஸ்டீல் கம்பிப் பின்னல். தண்ணி ஓடுறது உள்ள இருக்கிற ரப்பர் இல்லைன்னா பிளாஸ்டிக் ட்யூப்ல. நீங்க ஊருக்குப் போயிருக்கிறப்போ வெடிச்சு வீட்டை நனைக்கிறது பல சமயம் அதுதான். பின்னல்ல துருப் புள்ளி, கம்பி அறுந்தது, நட் பக்கத்துல உப்பல், எது தெரிஞ்சாலும் உடனே மாத்துங்க. கீசர் பக்கம் மடிப்பு மடிப்பா இருக்கிற முழு எஸ்எஸ் ஹோஸும் கடையில கிடைக்குது, உள்ள ட்யூப்னு தனியா ஒண்ணு கிடையாது. ஆனா அடிக்கடி வளைச்சு நிமிர்த்தினா வெடிப்பு விடும், ஒரு தடவை வளைச்சுப் பொருத்திட்டு விட்டுடணும். ஊருக்குக் கிளம்பறப்போ வீட்டு மெயின் வால்வை மூடுங்க. அது எங்க இருக்குன்னு தெரியலைன்னா, இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திட்டு முதல்ல போய்த் தேடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.